முதல் பெருவிலங்கு வேட்டைக்கு டிக்கா டி3எக்ஸ் லைட்: ஒரு மதிப்புரை

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வேட்டை உரிமம் பெற்று, மான் வேட்டைக்கென்று முதல் ரைஃபிளை வாங்க நினைப்பவருக்கு நான் பரிந்துரைப்பது பின்லாந்தில் செய்யப்படும் டிக்கா டி3எக்ஸ் லைட். அதை .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு அமைந்ததாக வாங்கலாம்; தோள் மெலிந்தவர்கள் 7எம்எம்-08 ரெமிங்டனிலோ 6.5 கிரீட்மோரிலோ வாங்கலாம். இந்த முடிவை எந்தக் காரணங்களால் எட்டினேன் என்பதையும், இந்த ரைஃபிளில் என்ன குறைகள் உண்டு என்பதையும், இதற்குக் குறைந்த விலையில் எவை கிடைக்கும் என்பதையும் கீழே எழுதுகிறேன். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடைசெய்திருப்பதால், இது கனடா போல முறைப்படுத்தப்பட்ட வேட்டைப் பருவங்கள் உள்ள நாடுகளில் வாழ்பவர்களுக்கே பயன்படும்.

ரைஃபிளைப் பற்றிப் பேசுவதற்கு முன் தோட்டாவைப் பற்றிப் பேசியாக வேண்டும். புதிதாக வருபவர்கள் அதிகம் குழம்புவதும், கடைகளில் தவறான அறிவுரைக்கு ஆளாவதும் இந்த இடத்தில்தான். எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர், மூஸ் என்ற மிகப் பெரிய மானின் வேட்டைக்கும் போகப்போவதாகச் சொன்ன ஒரே காரணத்தால், ஒரு கடையில் .300 வின்செஸ்டர் மேக்னம் ரைஃபிளை வாங்க வைக்கப்பட்டார். அது சக்தி மிகுந்த, நல்ல தோட்டாதான். ஆனால் சுடுதளத்தில் முதல் பெட்டித் தோட்டாவைத் தீர்ப்பதற்குள்ளாகவே, விசையை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. அந்தப் பழக்கத்தைப் போக்குவது, புதிதாகச் சுடக் கற்பதைவிடக் கடினமான வேலை.

சுடும்போது ரைஃபிள் தோளில் பின்னுக்கு இடிக்கும் உதைப்பை எண்களால் ஒப்பிட்டால் காரணம் விளங்கும். ஏறத்தாழ 3.4 கிலோ எடையுள்ள ரைஃபிளில், .243 வின்செஸ்டர் தோட்டா தோளுக்குத் தரும் உதைப்பு 10 அடி-பவுண்டை (ஆற்றலின் அலகு) ஒட்டியிருக்கும். 6.5 கிரீட்மோரும் 7எம்எம்-08 தோட்டாவும் 12 அல்லது 13 தரும். .308 வின்செஸ்டர் 16, 17 என்ற அளவில் நிற்கும். 30-06 ஸ்பிரிங்ஃபீல்ட் 20-ஐத் தொடும். .300 வின்செஸ்டர் மேக்னமோ, சற்றுக் கனமான ரைஃபிளில் வைத்துச் சுட்டாலும், 25-ஐத் தாண்டிவிடும். பழகாத ஒருவர் பல தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டுப் பயிற்சி எடுக்கும்போது, 20-க்கு மேற்பட்ட உதைப்பு அவருடைய உடலை முன்கூட்டியே இறுகச் செய்துவிடுகிறது. விசை விழுவதற்கு முன்பே தோள் முன்னோக்கித் தள்ளுகிறது, குழலின் முனை தாழ்கிறது, குண்டு இலக்குக்குக் கீழே போகிறது. சுடுதளத்துக் காகிதத்தில் இது ஒரு துளையின் இடமாற்றம்தான். காட்டிலோ, வயிற்றிலோ காலிலோ காயம்பட்டு ஓடி, கண்ணுக்கு எட்டாத இடத்தில் மணிக்கணக்கில் துன்புற்று இறக்கும் ஒரு மான். வேட்டையாடுபவருக்கு இதைவிடப் பெரிய பொறுப்பு வேறொன்றும் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆகவே முதல் ரைஃபிளை, வேட்டையாடப்போகும் விலங்கின் உடல் பருமனைப் பார்த்து முடிவு செய்யாமல், சுடுபவரின் தோளும் மனமும் எதை அமைதியாகத் தாங்கும் என்பதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மூஸ் போன்ற பெரிய விலங்குக்கு இந்த அளவு சக்தி போதுமா என்ற கேள்வி நியாயமானதே. அதற்கு ஸ்காண்டிநேவிய நாடுகள் நூறாண்டுக்கும் மேலாகப் பதில் சொல்லி வருகின்றன. 1894ஆம் ஆண்டளவில் உருவான 6.5x55 ஸ்வீடிஷ் தோட்டா, உதைப்பிலும் வேகத்திலும் இன்றைய 6.5 கிரீட்மோருக்கு நெருங்கியது. ஸ்வீடனிலும் நார்வேயிலும் தலைமுறை தலைமுறையாக மூஸ் வேட்டைக்கு அது பயன்பட்டு வருகிறது. 1952இல் விற்பனைக்கு வந்த .308 வின்செஸ்டர், 150 கிரெய்ன், அதாவது 9.7 கிராம் எடையுள்ள குண்டை நொடிக்கு ஏறத்தாழ 860 மீட்டர் வேகத்தில் செலுத்துகிறது. வெள்ளைவால் மானுக்கும் கருங்கரடிக்கும் இது தாராளமாகப் போதும். 165 அல்லது 180 கிரெய்ன் எடையில் உறுதியான குண்டைத் தேர்ந்தால் மூஸுக்கும் போதும். .243 வின்செஸ்டரையும் இதே அளவுகோலில் சிலர் பரிந்துரைப்பார்கள். மானுக்கு அது சரிதான். ஆனால் மூஸுக்கு அது சிறியது என்பதாலும், குண்டை வைக்கும் இடத்தில் சிறு பிழைக்கும் அது இடம் தராது என்பதாலும், ஒரே ரைஃபிளை வைத்துக்கொள்ளப் போகிறவருக்கு நான் அதைச் சொல்வதில்லை.

இந்தத் தோட்டாக்கள் ஒன்றுக்கொன்று உறவானவை என்பதும் தெரிந்திருப்பது நல்லது. 1955இல் வந்த .243 வின்செஸ்டரும் 1980இல் வந்த 7எம்எம்-08 ரெமிங்டனும் .308 தோட்டாவின் பித்தளைக் கூட்டையே கழுத்தில் சுருக்கிச் செய்தவை. 7எம்எம்-08, குறைந்த உதைப்போடு ஏறக்குறைய அதே பயனைத் தருகிறது. என் கணக்கில் புதியவருக்கு எல்லாவற்றிலும் பொருத்தமானது அதுதான். ஆனாலும் .308-ஐ முதலில் எழுதியதற்குக் காரணம் உண்டு. வட ஒன்ராறியோவின் சிற்றூர்களில், வேட்டைப் பருவம் தொடங்கிய வாரத்தில், மளிகையும் மீன்பிடி இரையும் சேர்ந்து விற்கும் கடையின் அலமாரியில் .308-உம் 30-06-உம் இருக்கும். 7எம்எம்-08 இருக்கும் என்று சொல்ல முடியாது. வீட்டிலிருந்து எடுத்துப்போக மறந்த தோட்டாவை வழியில் வாங்க முடிவதும் ஒரு தகுதியே. 2007இல் அறிமுகமான 6.5 கிரீட்மோர் இப்போது பரவலாகக் கிடைக்கிறது. அதனால் அந்தக் கவலை அதற்குக் குறைவு.

இனி ரைஃபிளுக்கு வருகிறேன். டிக்கா, சாக்கோ நிறுவனத்தின் பெயர்களில் ஒன்று. பின்லாந்தின் ரீஹிமாக்கி நகரில் உள்ள சாக்கோ ஆலையில் செய்யப்படுகிறது. சாக்கோ, இத்தாலியின் பெரெட்டா குழுமத்தைச் சேர்ந்தது. டி3 என்ற வடிவம் 2003இல் வந்தது. அதைத் திருத்தி 2016இல் டி3எக்ஸ் என்று வெளியிட்டார்கள். அந்தத் திருத்தங்கள் வெறும் அலங்காரம் அல்ல. முன்பு அலுமினியத்தில் இருந்த உதைப்புத் தாங்கி எஃகுக்கு மாறியது. தோட்டாவை ஏற்றவும் கூட்டை வெளியேற்றவும் கையால் இயக்கும் போல்ட்டின் பின்மூடி பிளாஸ்டிக்கிலிருந்து உலோகத்துக்கு மாறியது. தோட்டாக் கூட்டை வெளியேற்றும் வாய் அகலமாயிற்று. தோளில் படும் ரப்பர் அணை மேம்பட்டது. கைப்பிடிப் பகுதியைக் கழற்றி வேறு வடிவம் பொருத்தும் வசதியும் வந்தது. பழைய டி3 ஒன்று நல்ல விலைக்குக் கிடைத்தால் வாங்கக் கூடாது என்று சொல்லமாட்டேன். புதியதாக வாங்குபவர் இந்த மாற்றங்களின் பயனைப் பெறுகிறார், அவ்வளவே.

இந்த ரைஃபிளைக் கையில் எடுத்தவர் முதலில் உணர்வது போல்ட்டின் வழுவழுப்பை. போல்ட்டின் கைப்பிடியை 70 பாகை மட்டுமே உயர்த்தினால் போதும். 90 பாகை உயரும் பழைய வடிவங்களில் ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைநோக்கியின்) கண்பகுதியில் கை இடிக்கும் தொல்லை இதில் இல்லை. பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளும்போது எங்கும் சிக்காமல், ஆடாமல் நகர்கிறது. புதியவருக்கு இது ஏன் முக்கியம் என்று கேட்கலாம். முதல் குண்டு பட்ட பிறகும் மான் நின்றுகொண்டிருந்தால், பதற்றத்தில் நடுங்கும் கைகளால் இரண்டாவது தோட்டாவை ஏற்ற வேண்டியிருக்கும். சிக்கும் போல்ட், அந்த வேளையில் பாதி தூரத்திலேயே நின்றுவிடும். நல்ல போல்ட் அப்படி நிற்க விடாது.

விசையைப் பற்றி நான் சொல்லக்கூடியது பாராட்டு மட்டுமே. அதை இழுக்கத் தேவையான எடையை, ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு கிலோ வரை மாற்றி அமைத்துக்கொள்ளலாம். இழுவையில் மணல் அரைபடுவது போன்ற உணர்வு இல்லை. கண்ணாடிக் குச்சி முறிவதைப் போலத் திடீரென்றும் தெளிவாகவும் விடுபடுகிறது. கனத்த, இழுபடும் விசை உள்ள ரைஃபிளில் புதியவர் சுடும்போது, விரலோடு சேர்ந்து கை முழுவதும் இறுகி இலக்கை இழக்கிறது. ஆயினும் முதல் பருவத்தில் விசையை மிகவும் மெல்லியதாக அமைக்க வேண்டாம்; கையுறை அணிந்த விரல் தெரியாமல் அழுத்திவிடக்கூடும் என்பதால், ஒன்றரைக் கிலோவை ஒட்டி வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

துல்லியத்தைப் பொறுத்தவரை, 100 மீட்டரில் மூன்று குண்டுகள் ஏறத்தாழ ஓர் அங்குல வட்டத்துக்குள் விழும் என்று உற்பத்தியாளர் உறுதி தருகிறார். நல்ல தோட்டாவோடு அந்த உறுதி காப்பாற்றப்படுகிறது. மானின் நெஞ்சில், இதயமும் நுரையீரலும் உள்ள பகுதி ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் வட்டம். ஆகவே ரைஃபிளின் துல்லியம் வேட்டைக்குத் தேவையான அளவைவிடப் பல மடங்கு மிகுதி. அப்படியானால் இந்தத் துல்லியத்துக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? பயிற்சியின்போது குண்டு விலகினால், தவறு ரைஃபிளுடையதா தன்னுடையதா என்ற ஐயம் புதியவருக்கு எழாமல் இருப்பதற்காக என்பது என் பதில். துப்பாக்கியின் மேல் பழிபோட இடமில்லாதபோதுதான் சுடுபவர் தன்னைத் திருத்திக்கொள்கிறார்.

இந்த வடிவத்தின் நம்பகத்துக்கு ஒரு பெரிய சான்று கனடாவிலேயே உண்டு. ஆர்க்டிக் பகுதியிலும் தொலைதூரக் கரையோர ஊர்களிலும் பணிபுரியும், கனடிய ஆயுதப்படையின் துணைப் பிரிவினரான கனடிய ரேஞ்சர்கள், 1947 முதல் லீ-என்ஃபீல்ட் ரைஃபிளைத்தான் வைத்திருந்தார்கள். அதற்கு மாற்றாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சி-19, டிக்கா டி3எக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. சாக்கோவின் உரிமத்தின்கீழ் ஒன்ராறியோவின் கிச்சனர் நகரில் உள்ள கோல்ட் கனடா அதை.308 தோட்டாவுக்குச் செய்தது. பனிக்கரடி உலவும் நிலத்தில், உறைந்த விரல்களால் இயக்கப்படுவதற்கென்று தேர்வானது இந்த போல்ட். கடையில் கிடைக்கும் லைட் வடிவம் அதைவிட இலகுவானது, எளிமையானது. ஆனால் அடிப்படை இயக்கம் ஒன்றே.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதலாவதும் முக்கியமானதும் சேஃப்டி, அதாவது துப்பாக்கி தவறி வெடிக்காமல் தடுக்கும் பூட்டு. இதில் சேஃப்டியைப் போட்டால் விசையோடு போல்ட்டும் பூட்டிக்கொள்கிறது. புதர்களுக்கிடையே நடக்கும்போது போல்ட் தானாகத் திறந்துவிடாது என்பது நன்மை. ஆனால் குழலறையில் உள்ள தோட்டாவை வெளியே எடுக்க, சேஃப்டியை விடுவித்துத்தான் போல்ட்டைத் திறக்க முடியும். நாள் முடிவில், களைப்போடு, வண்டியருகே நின்று துப்பாக்கியைக் காலி செய்யும் புதியவருக்கு இது ஓர் ஆபத்தான கணம். குழல் முனையைப் பாதுகாப்பான திசையில் நிறுத்தி, விரலை விசைக் கூண்டுக்கு வெளியே வைத்து, முதலில் தோட்டாக்கள் அடங்கிய மேகசினைக் கழற்றி, அதன் பிறகே சேஃப்டியை விடுவித்து போல்ட்டைத் திறக்கும் வரிசையை, வீட்டில் போலித் தோட்டாக்களோடு பலமுறை செய்து கைக்குப் பழக்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது குறை மேகசின். மூன்று தோட்டாக்கள் கொள்ளும் பிளாஸ்டிக் மேகசின் உறுதியானதுதான். ஆனால் கூடுதலாக ஒன்று வாங்கப் போனால், அந்தச் சிறு பொருளுக்கு அவ்வளவு விலையா என்று தோன்றும். காட்டில் தொலைத்துவிட்டால் அன்றைய வேட்டை ஒரு தோட்டா ஒரு சூடு என்ற நிலைக்கு வந்துவிடும் என்பதால், அந்த விலையைக் கொடுத்தே ஆக வேண்டும். மூன்றாவது, போல்ட் உள்ளே நகரும் உடற்பகுதியை ஒரே நீளத்தில்தான் எல்லாத் தோட்டாவுக்கும் பயன்படுத்துகிறார்கள். .308 போன்ற குறுந்தோட்டாவுக்குத் தனியாகக் குறுகிய உடல் கிடையாது. போல்ட் நகரும் தூரத்தை ஒரு தடுப்பால் குறைத்திருக்கிறார்கள். இதைப் பெரிய குறையாகச் சிலர் எழுதுவார்கள். மொத்த எடையே ஏறத்தாழ 3 கிலோதான் என்னும்போது, எனக்கு அது பொருட்டாகத் தெரியவில்லை.

அந்த எடையே நான்காவது குறையாகவும் ஆகலாம். இலகுவான ரைஃபிள் தோளில் சுமக்கச் சுகம். சுடும்போது உதைப்பு மிகுதி. மேலே நான் தந்த எண்கள் 3.4 கிலோவுக்கானவை. ஸ்கோப்பும் அதன் வளையங்களும் தோட்டாக்களும் வாரும் சேர்ந்தால் டிக்கா லைட் அந்த எடையைத் தாண்டிவிடும் என்பதால் .308 வரை கவலையில்லை. ஆனால் இதே லைட் வடிவத்தை .300 மேக்னம் தோட்டாவில் வாங்கும் எண்ணத்தைப் புதியவர் முற்றாக விட்டுவிட வேண்டும். மெல்லிய குழல் என்பதால் விரைவில் சூடேறும்; பயிற்சியில் மூன்று குண்டுகளுக்கு ஒருமுறை போல்ட்டைத் திறந்து வைத்து ஆறவிடுவது நல்லது. அந்த இடைவெளி தோளுக்கும் ஓய்வாகும்.

விலையில் டிக்கா நடுத்தரத்தைச் சற்றுத் தாண்டியது. சில நூறு டாலர் குறைத்து வாங்க விரும்புபவருக்கு ரூகர் அமெரிக்கன் நல்ல மாற்று. 2011இன் இறுதியில் அறிமுகமான இந்த ரைஃபிளின் போல்ட்டும் 70 பாகைதான் உயர்கிறது. விசையை வீட்டிலேயே மாற்றி அமைக்கலாம். துல்லியத்தில் அதன் விலையை நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருக்கிறது. அதன் சேஃப்டி, பெருவிரல் இயல்பாகப் படியும் பின்மேட்டில் அமைந்திருக்கிறது. முதல் தலைமுறை வடிவத்தில், சேஃப்டி போட்டிருக்கும்போதே போல்ட்டைத் திறந்து தோட்டாவை எடுத்துவிடலாம். இந்த ஒன்றில் அது டிக்காவை வெல்கிறது. ஆனால் போல்ட் கரகரப்பானது. ரைஃபிளைத் தாங்கித் தோளில் வைக்க உதவும் கட்டை, கையால் அழுத்தினால் வளையும் அளவுக்கு மெலிந்தது. 2023இன் இறுதியில் வந்த இரண்டாம் தலைமுறையில் கட்டையும் குழலின் பூச்சும் நன்றாகத் திருந்தியிருக்கின்றன. விலையும் அதற்கேற்ப ஏறியிருக்கிறது.

சாவேஜ் ஆக்சிஸ் இன்னும் மலிவு. அதை வாங்குவதானால் அக்யூடிரிகர் என்ற மேம்பட்ட விசை பொருத்திய ஆக்சிஸ் 2 வடிவத்தை வாங்க வேண்டும்; பழைய ஆக்சிஸின் கனத்த விசை, புதியவருக்கு நான் மேலே சொன்ன தொல்லையையே தரும். குழல் நன்றாகச் சுடுகிறது. மற்ற எல்லாவற்றிலும் விலைக்கேற்ற முடிப்புத்தான். பணம் மிகவும் இறுக்கமாக இருந்தால், ஆக்சிஸ் 2 வாங்கி, மிச்சப்பட்ட தொகை முழுவதையும் நல்ல ஸ்கோப்புக்கும் பயிற்சித் தோட்டாக்களுக்கும் செலவிடுபவர், டிக்கா வாங்கி ஒரே பெட்டித் தோட்டாவோடு காட்டுக்குப் போகிறவரைவிடச் சிறந்த வேட்டையாளர். இதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

முதல் ரைஃபிளைத் தேர்ந்தெடுக்கும்போது பலர் கவனிக்கத் தவறுவது கட்டையின் நீளம். தோளில் படும் முனையிலிருந்து விசை வரையுள்ள தூரம், வழக்கமான வடிவங்களில் உயரமான ஆண்களின் கைக்கேற்றபடி அமைந்தது. நம்மவர்களில் உயரம் குறைந்தவர்களும் பெண்களும் இத்தகைய கட்டையை எடுத்து நிறுத்தினால், விசையை எட்டக் கை நீளும். தலை முன்னுக்கு வந்து, கண் ஸ்கோப்புக்கு மிக அருகில் போகும். உதைப்பில் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும். பனிக்கால மேலங்கியின் பருமன் இதை இன்னும் மோசமாக்கும். அதனால் கடைக்குப் போகும்போது வேட்டைக்கு அணியப்போகும் மேலங்கியையே அணிந்துபோக வேண்டும். நீளம் மிகுதியாக இருந்தால், ரூகர், சாவேஜ் இரண்டிலும் குறுகிய கட்டையுள்ள காம்பாக்ட் வடிவங்கள் உண்டு, அவை 7எம்எம்-08,.243, 6.5 கிரீட்மோர் போன்ற மென்மையான தோட்டாக்களில் கிடைக்கும். இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு டிக்கா, போல்ட்டை இடப்புறத்தில் அமைத்த உண்மையான இடக்கை வடிவத்தைச் செய்கிறது. வலக்கை ரைஃபிளை வைத்துச் சமாளிக்கலாம் என்ற அறிவுரையைக் கேட்க வேண்டாம்.

ஸ்கோப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 3 முதல் 9 மடங்கு பெருக்கமும் 40 மில்லிமீட்டர் முன்வில்லையும் உள்ள எளிய ஸ்கோப் போதும். ஒன்ராறியோவின் காடுகளில் மான் பெரும்பாலும் 100 மீட்டருக்குள்தான் தென்படும். அங்கே 3 மடங்கில் வைத்திருப்பவரே மரங்களுக்கிடையே மானை விரைவில் கண்டுபிடிக்கிறார். கண்ணுக்கும் வில்லைக்கும் இடையே 9 சென்டிமீட்டராவது இடைவெளி தரும் ஸ்கோப்பாக இருக்க வேண்டும். லூபோல்டு, வோர்டெக்ஸ் இரண்டிலும் இந்த அளவில் நம்பகமானவை உண்டு. டிக்காவின் மேற்பகுதியில் வளையங்கள் பற்றிக்கொள்ளும் 17 மில்லிமீட்டர் சாய்விளிம்புத் தடம் (டவ்டெயில்) இருப்பதால், அதற்கேற்ற வளையங்களை நேரடியாகப் பொருத்திவிடலாம், அடித்தட்டு தேவையில்லை. வளையத் திருகாணிகளை முறுக்கு அளவி இல்லாமல் இறுக்க வேண்டாம்.

.308 தோட்டாவை 100 மீட்டருக்கு ஜீரோ செய்து (அந்தத் தூரத்தில் குறிவைத்த புள்ளியிலேயே குண்டு படுமாறு ஸ்கோப்பைச் சரிசெய்து) வைத்தால், 200 மீட்டரில் குண்டு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர்தான் தாழும். நெஞ்சின் நடுவில் குறிவைத்தால் அந்தத் தூரத்திலும் உயிர்ப்பகுதிக்குள்ளேயே விழும் என்றாலும், முதல் இரண்டு மூன்று பருவங்களில் 150 மீட்டருக்கு அப்பால் சுடவே வேண்டாம் என்பது என் வேண்டுகோள். ஸ்கோப்பின் உள்ளே உள்ள தூரக் கோடுகளும், 500 மீட்டரில் மான் சுடும் காணொளிகளும் புதியவரைத் தவறாக வழிநடத்துகின்றன.

குண்டின் தரத்தில் சிக்கனம் கூடாது. இதைப் பற்றிய பழைய செய்தி ஒன்று கனடாவோடு சேர்ந்தது. 1946இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் வேட்டைக்கு வந்த அமெரிக்கரான ஜான் நாஸ்லர், சேறு உலர்ந்து இறுகிய மூஸின் தோலில் தம் குண்டுகள் ஊடுருவாமல் சிதறியதைக் கண்டார். அதன் விளைவாக, நடுவில் தடுப்புச் சுவர் வைத்து, முன்பாதி விரிந்தாலும் பின்பாதி சிதறாமல் உள்ளே செல்லும் பார்ட்டிஷன் குண்டை அவர் உருவாக்கினார். 1948இல் அது விற்பனைக்கு வந்தது. இன்றும் மூஸுக்கு நான் சொல்லும் குண்டு அதுவே. மானுக்கு வழக்கமான ஈயக் குண்டு போதும் என்றாலும், இறைச்சி குழந்தைகள் உண்ணும் வீட்டுக்குப் போகிறது என்றால் முழுச் செப்புக் குண்டைத் தேர்ந்தெடுங்கள். வேகமாகப் போகும் ஈயக் குண்டு, கண்ணுக்குத் தெரியாத துகள்களாகக் காயத்திலிருந்து வெகுதூரம் வரை இறைச்சியில் பரவுகிறது. 2008இல் அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தில், தானமாக வந்த மான் கொத்திறைச்சியில் ஈயத் துகள்கள் இருப்பது தெரிந்து, உணவு வங்கிகள் அதை வழங்காமல் அப்புறப்படுத்துமாறு சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. செப்புக் குண்டுக்குச் சில டாலர் கூடுதலாகும். அது கொடுக்கத்தக்க விலை.

உதைப்பைக் குறைக்கக் குழல் முனையில், வெடிவாயுவைப் பக்கவாட்டில் திருப்பும் பிரேக் பொருத்தச் சொல்பவர்கள் உண்டு. உதைப்பு உண்மையிலேயே குறையும். ஆனால் ஏற்கெனவே செவிக்குக் கேடான ஓசை, சுடுபவரின் பக்கமும் உடன் வருபவரின் பக்கமும் இன்னும் மிகுதியாகத் திரும்பும். ஓசை அடக்கிகள் கனடாவில் தடைசெய்யப்பட்டவை. ஆகவே பிரேக் இல்லாமல் தாங்கக்கூடிய தோட்டாவைத் தேர்ந்தெடுத்து, சுடுதளத்தில் காதுக்குள் அடைப்பானும் அதன்மேல் காதுமூடியும் சேர்த்து அணிவதே சரி.

பயிற்சிக்கு இன்னொரு துணை உண்டு. 2018இல் டிக்கா வெளியிட்ட டி1எக்ஸ், .22 தோட்டா சுடும் சிறு ரைஃபிள். கட்டையும் விசையின் உணர்வும் போல்ட்டின் இயக்கமும் டி3எக்ஸ் போலவே இருக்கும். தோட்டா விலையோ மிகக் குறைவு, உதைப்பு இல்லை என்றே சொல்லலாம். இரண்டையும் வாங்க வசதி உள்ளவர், கோடை முழுவதும் அதில் சுட்டுப் பழகி, இலையுதிர் காலம் நெருங்கும்போது பெரிய ரைஃபிளுக்கு மாறலாம். வசதி இல்லாதவர், உடன் வருபவரிடம் மேகசினைக் கொடுத்து, உண்மைத் தோட்டாவையும் போலித் தோட்டாவையும் தனக்குத் தெரியாமல் கலந்து ஏற்றச் சொல்லிச் சுட்டுப் பார்க்கட்டும். போலித் தோட்டா வரும்போது குழல் முனை துள்ளினால், கண் மூடும் பழக்கம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

வாங்குவதற்கு முன்னான சட்டப் படிகளையும் குறிப்பிட வேண்டும். கனடியத் துப்பாக்கிப் பாதுகாப்புப் பாடத்தின் எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் 80 விழுக்காடு பெற்றுத் தேறிய பிறகு, கனடிய அரச காவல்துறையின் துப்பாக்கித் திட்டத்திடம் உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். முதன்முறை விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு உண்டு. வேட்டைக்கு மாகாணத்தின் வேட்டைக் கல்விப் பாடமும் அவுட்டோர்ஸ் கார்டு என்ற அட்டையும் தனியாகத் தேவை. ஆகவே நவம்பரில் மான் வேட்டைக்குப் போக விரும்புபவர், வசந்த காலத்திலேயே தொடங்கிவிடுவது நல்லது. வீட்டில் ரைஃபிளைக் காலியாக, விசைப் பூட்டோடோ பூட்டிய பெட்டியிலோ வைக்க வேண்டும். குழந்தைகள் உள்ள வீடு என்றால் சட்டம் கேட்கும் குறைந்த அளவோடு நிற்காமல், போல்ட்டைக் கழற்றி வேறோர் இடத்தில் பூட்டி வையுங்கள். டிக்காவில் போல்ட்டைக் கழற்ற ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

எல்லாவற்றுக்கும் முன் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தென்மேற்கு ஒன்ராறியோவின் பல வேட்டைப் பிரிவுகளில், மானை ரைஃபிளால் வேட்டையாட அனுமதி கிடையாது. ஷாட்கன்னும், குழலின் வாய் வழியே மருந்தும் குண்டும் இட்டுச் சுடும் முன்வாய்த் துப்பாக்கியும் மட்டுமே அனுமதி. நீங்கள் போகப்போகும் பிரிவு அத்தகையது என்றால், மேலே சொன்ன எந்த ரைஃபிளும் உங்களுக்குப் பயன்படாது. மாகாண அரசு ஆண்டுதோறும் வெளியிடும் வேட்டை விதிமுறைச் சுருக்கத்தில் பிரிவின் எண்ணைத் தேடி, எந்தத் துப்பாக்கிக்கு எந்த நாட்களில் அனுமதி என்று பார்த்த பிறகே கடைக்குப் போங்கள். அனுமதி உண்டு என்று உறுதியானால், ரைஃபிளோடு சேர்த்து ஒரே வகைத் தோட்டாவில் 20 கொண்ட பெட்டிகள் ஐந்தையாவது ஒரே நாளில் வாங்கிவிடுங்கள். பெட்டிகளின் மேல் அச்சிட்ட தொகுதி எண் ஒன்றாகவே இருக்கட்டும்.